எடைக் கருவி டிரைவரில் பிஸி-வெயிட்டை எடுத்த பேட்ச்: காரைக்குடியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

காரைக்குடியில் பலகாரம் போட்டு விற்கும் ஒரு குடும்பத் தொழிற்கூடம். பழைய செட்டிநாட்டு வீட்டின் கடைசிக் கட்டில் அடுப்புகள். அதற்கு முந்தைய கட்டில் ஆறவைப்பதும் பாக்கெட் போடுவதும். சீடை, மனகோலம், காராச்சேவு மூன்றும் 200 கிராம் பாக்கெட்டாகப் போகும். தை பிறந்தால் கல்யாணச் சீருக்கும் ஆர்டர் வந்து குவியும். பாக்கெட் போட அதே ஊரில் உள்ள சிறு நிறுவனம் ஒன்று செய்து கொடுத்த எடை இயந்திரம் ஒன்று ஓடுகிறது. நிறுவனம், தொழிற்கூடம், ஆட்கள் யாருடைய பெயரும் இங்கே இல்லை.

இயந்திரத்தின் அமைப்பு எளிது. மேலே கூம்புத் தொட்டி, அதன் அடியில் அதிர்வுத் தட்டு, தட்டுக்குக் கீழே இரண்டு எடை வாளி. வாளி ஒவ்வொன்றும் 5 கிலோ லோடு செல்லில் (எடையை மின் சிக்னலாக்கும் உணரி) தொங்கும். செல்லின் சிக்னலைப் படிப்பது ஹெச்எக்ஸ் 711 என்ற 24 பிட் ஏடிசி சிப், அதாவது சிக்னலை எண்ணாக்கும் சிப். எல்லாவற்றையும் நடத்துவது ஏஎம் 335எக்ஸ் வகை ஒற்றைக் கோர் ஆர்ம் போர்டு. அதில் லினக்ஸ் 6.1 கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி. டிக், அதாவது கெர்னலின் உள் கடிகாரத் துடிப்பு, நொடிக்கு 100. ப்ரீஎம்ப்ஷன் இல்லாத அமைப்பு, அதாவது கெர்னலுக்குள் ஓடும் வேலையைத் தானாக விலக்கிவிட்டு வேறொன்று நுழைய முடியாது. இந்த இரண்டு விவரமும் பின்னால் முக்கியமாகும்.

கெர்னலின் மூலக் களஞ்சியத்திலேயே ஹெச்எக்ஸ் 711க்கு டிரைவர், அதாவது சிப்போடு பேசும் கெர்னல் நிரல், உண்டு. நிறுவனம் அதை எடுக்காமல் தனியாக எழுதியதற்குக் காரணம், இரண்டு சிப்புக்கும் ஒரே கடிகாரக் கம்பியைக் கொடுத்து இரண்டையும் ஒரே நேரத்தில் படிக்கும் அமைப்பு. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். டிரைவரில் குறிப்புரை என்று ஒரு வரிகூடக் கிடையாது.

கவனித்தவை

புகார் மூன்று வடிவத்தில் வந்தது. தொடுதிரையில் விரல் வைத்தால் அரை வினாடி கழித்துத்தான் பட்டன் அமுங்குகிறது. அதிர்வுத் தட்டின் கட்டுப்பாட்டுப் பெட்டி சீரியல் வழியாக அனுப்பும் நிலைத் தகவல் அவ்வப்போது குறையாக வருகிறது. கெர்னல் பதிவில் சீரியல் போர்ட்டில் ஓவர்ரன் என்ற வரி குவிந்திருந்தது. மூன்றாவது, போர்டு இருக்கும் மூடிய பெட்டி தொட முடியாத சூடு.

டாப் கட்டளையைப் போட்டுப் பார்த்தால், எடை படிக்கும் நிரல் சிபியுவை ஏறக்குறைய முழுதுமாகத் தின்றுகொண்டிருந்தது. அத்தனையும் கெர்னல் பக்க நேரம்.

காரணத்தை டிரைவருக்குள் தேட வேண்டியிருக்கவில்லை. முதல் பக்கத்திலேயே இருந்தது. ஹெச்எக்ஸ் 711 ஓர் அளவீட்டை முடித்ததும் தன் டேட்டா கம்பியைத் தாழ்த்தும். வேகத்தைத் தேர்வு செய்யும் அதன் ரேட் காலை (பின்) உயர்த்தி வைத்தால் நொடிக்கு 80 அளவீடு, அதாவது 12.5 மில்லிநொடிக்கு ஒன்று. டிரைவர் அந்தக் கம்பி தாழும்வரை 10 மைக்ரோநொடி யூடிலே போட்டு, பார்த்து, மறுபடி யூடிலே போட்டு, 10,000 சுற்றுவரை சுற்றும். யூடிலே என்பது சிபியுவை விடாமல் நேரத்தை ஓட்டுவது; இதுதான் பிஸி-வெயிட். 12.5 மில்லிநொடியில் உருப்படியான வேலை 100 மைக்ரோநொடிகூட இல்லை. மீதியெல்லாம் வெறும் சுற்று.

அதைவிட மோசமானது, இந்தக் காத்திருப்பு முழுதும் இன்டரப்டை (வன்பொருள் சிபியுவைக் கூப்பிடும் அழைப்பை) நிறுத்தும் ஸ்பின்லாக் என்ற பூட்டுக்குள் நடந்தது. காத்திருப்பு, பிட் படிப்பு இரண்டையும் சேர்த்து ஒரே பூட்டுக்குள் வைத்திருந்தார்கள். சீரியல் போர்ட் 115200 வேகத்தில் ஓடுகிறது. நொடிக்கு 11,520 பைட். அந்தச் சிப்பின் சீரியல் பஃபர் 64 பைட். ஐந்தரை மில்லிநொடியில் நிரம்பிவிடும். இன்டரப்டோ 12 மில்லிநொடிவரை அடைபட்டிருக்கிறது. தகவல் நீளமாக வரும்போதெல்லாம் வழிந்து கொட்டியதில் வியப்பில்லை.

முதல் பேட்ச்

நிறுவனத்தில் சேர்ந்து அதிகக் காலமாகாத பொறியாளர் ஒருவர் பேட்ச், அதாவது நிரல் திருத்தம், எழுதினார். தொடக்கம் சரியானதே: கெர்னலோடு வரும், நிரலின் வழக்கமான குறைகளைச் சுட்டும் செக்பேட்ச் ஸ்கிரிப்டை கண்டிப்பு முறையில் டிரைவர்மேல் ஓட்டினார். 10 மைக்ரோநொடியும் அதற்கு மேலும் யூடிலே போட்ட இடங்களில் யூஸ்லீப் ரேஞ்ச் (சிபியுவை விட்டுக்கொடுத்துத் தூங்குவது) நல்லது என்று அது சொல்லும். அவர் அதோடு நிற்கவில்லை. கோப்பில் இருந்த எல்லாத் தாமதத்தையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டார். மாற்றப்பட்டவை நான்கு.

டேட்டா கம்பிக்குக் காத்திருக்கும் 10 மைக்ரோநொடி யூடிலே, 10 முதல் 20 மைக்ரோநொடி யூஸ்லீப் ரேஞ்ச் ஆனது. ஒவ்வொரு பிட்டுக்கும் கடிகாரக் கம்பியை உயர்த்தி வைக்கும் 1 மைக்ரோநொடி யூடிலே, 1 முதல் 2 மைக்ரோநொடி யூஸ்லீப் ரேஞ்ச் ஆனது. சிப்பை ரீசெட் செய்யக் கம்பியை உயர்த்திப் பிடிக்கும் 100 மைக்ரோநொடிக்கும் அதே வைத்தியம். ரீசெட்டுக்குப் பின் அளவீடு நிலைப்பட விடும் 50 மில்லிநொடி எம்டிலே (மில்லிநொடிக் கணக்கு யூடிலே), எம்ஸ்லீப் (அதன் தூங்கும் வடிவம்) ஆனது.

ரிவ்யூவுக்கு அனுப்பும் முன்பே அதை இயந்திரத்தில் ஏற்றி ஓட்டியும் பார்த்தார். சிபியு சுமை கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. திரை உடனே பதில் சொன்னது. கெர்னல் பதிவில் எச்சரிக்கை ஒன்றுமில்லை. ஆனால் அன்று சாயங்காலமே தொழிற்கூடத்து ஆச்சி கைத்தராசில் மறு எடை போட்டுவிட்டு, "தம்பி, ஒரு பாக்கெட்டு ரெண்டு கிராம் கொறையுது, இன்னொண்ணு ஒரு கிராம் கூடுது. முந்தி இப்படி இல்லையே" என்றார். பேட்சும் இந்தப் புகாரும் ஒன்றாகவே ரிவ்யூ செய்பவரிடம் வந்து சேர்ந்தன. அவர் அதே ஊரிலிருந்து வேறு நிறுவனத்துக்குக் கெர்னல் வேலை பார்க்கும் மூத்த பொறியாளர். நட்புக்காகப் பார்த்துக் கொடுப்பவர்.

ரிவ்யூவில் கேட்ட கேள்விகள்

ஒவ்வொரு தாமதத்துக்கும் எதிரே மூன்று விடை எழுதச் சொன்னார். குறைந்தது எவ்வளவு நேரம்? அதிகபட்சம் எவ்வளவு தாங்கும்? இந்த வரியை அழைப்பவர்கள் யார் யார், அவர்கள் தூங்கலாமா? யூடிலேயைப் பார்த்தால் முதல் விடை மட்டும் தெரியும். மற்ற இரண்டுக்கும் சிப்பின் டேட்டாஷீட்டையும் (தயாரிப்பாளரின் விவரத்தாள்) அழைப்பு மரத்தையும் (எதை எது அழைக்கிறது என்ற வரிசை) திறந்தே ஆக வேண்டும்.

கடிகாரக் கம்பி: டேட்டாஷீட்டின்படி கம்பி உயர்ந்திருக்கும் நேரம் குறைந்தது 0.2 மைக்ரோநொடி, வழக்கமாக 1, அதிகபட்சம் 50. உயர்ந்தே 60 மைக்ரோநொடிக்கு மேல் இருந்துவிட்டால் சிப் அதைப் பவர்-டவுன் கட்டளையாக எடுத்துக்கொள்ளும்; கம்பி தாழ்ந்ததும் ரீசெட் ஆகி எழும். இந்த இடத்துக்கு உச்ச வரம்பு உண்டு. யூஸ்லீப் ரேஞ்சுக்கு அப்படி வரம்பு கொடுக்க முடியாது. 2 என்று எழுதினாலும் அது டைமர் எப்போது அடிக்கலாம் என்பதற்கான எல்லைதான். டைமர் அடித்து, இன்டரப்ட் வந்து, எழுப்பப்பட்ட நிரலுக்குச் சிபியு கிடைக்கும்வரை ஆகும் நேரம் அதில் சேராது.

கம்பியின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் லாஜிக் அனலைசரை மாட்டிப் பார்த்தபோது இயந்திரம் சும்மா இருக்கையில் ஒவ்வொரு துடிப்பும் 35 முதல் 50 மைக்ரோநொடி அகலம். திரையில் படம் மாறும்போது 60ஐத் தாண்டியது. ஆச்சியின் இரண்டு கிராம் இங்கிருந்துதான் வந்தது. பிட்டுகள் பெரியதிலிருந்து சிறியதாக வரும். பாதியில் சிப் ரீசெட் ஆனால், அது மறுபடி தயாராகும்வரை டேட்டா கம்பி உயர்ந்தே இருக்கும். படிக்க வேண்டிய மீதி பிட்டெல்லாம் 1 என்றே விழும். பதிவு செய்த எண்களைப் பிட்டாக விரித்தால் சிலவற்றில் வால் முழுக்க 1, 1, 1 என்று நின்றது.

கணக்கும் பொருந்தியது. வோல்ட்டுக்கு 1 மில்லிவோல்ட் தரும் 5 கிலோ செல்லை 128 பெருக்கத்தில் படித்தால் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 430 எண். கடைசி 10 பிட்டும் 1 ஆனால் அதிகபட்சப் பிழை 1,023 எண், அதாவது 2.4 கிராம் வரை. பிழை எப்போதும் மேல்நோக்கியே. தராசு கூடுதலாகக் காட்டும், சரக்கு விழும் கதவு முன்கூட்டியே மூடும், பாக்கெட்டில் சரக்கு குறையும். முதல் சில பிட்டிலேயே ரீசெட் ஆனால் எண் தாறுமாறாக வரும், அதை எடை நிரலின் வடிகட்டி தள்ளிவிடும். வாலில் ஆகும் சேதம்தான் நல்ல எண் மாதிரியே உள்ளே நுழைந்துவிடுகிறது. ஒரு கிராம் கூடுவதற்கும் இதே ரீசெட்தான் காரணம்: 80 வேகத்தில் ரீசெட்டுக்குப் பின் 50 மில்லிநொடி புது அளவீடு வராது, கடைசிக்கட்ட மெல்லிய ஓட்டம் நொடிக்கு 20 கிராம் என்றால் அந்த இடைவெளியில் ஒரு கிராம் கீழே விழுந்துவிடும்.

காத்திருப்பு: இங்கே தூங்குவது சரி. ஆனால் எழுதிய விதம் சரியில்லை. 10 மைக்ரோநொடிக்கு ஒருமுறை எழுந்தால் டைமர் இன்டரப்டும் நிரல் மாற்றமும் சேர்ந்து கணிசமான செலவு. சும்மா சுற்றியதற்குப் பதில் எழுந்து எழுந்து படுப்பது. அதோடு, கெடுவைச் சுற்று எண்ணிக்கையில் வைத்திருந்தது. யூடிலே இருந்தபோது 10,000 சுற்று 100 மில்லிநொடி. இப்போது ஒரு சுற்று 50 மைக்ரோநொடிக்கு மேல் ஆவதால், செல்லின் கம்பி அறுந்தால் அது தெரியவே அரை நொடிக்கு மேல் ஆகும். அதுவரை கதவு திறந்திருக்கும்.

பூட்டு: இதுதான் நேரம் பிடித்தது. யூஸ்லீப் ரேஞ்ச் ஸ்பின்லாக்குக்குள் இருக்கிறது. அணுநிலையில், அதாவது ஸ்பின்லாக்குக்குள்ளோ இன்டரப்டுக்குள்ளோ இருக்கும்போது, தூங்கக் கூடாது என்பது பால பாடம். பின் ஏன் கெர்னல் ஒன்றும் சொல்லவில்லை?

ஒற்றைக் கோர், ப்ரீஎம்ப்ஷன் இல்லாத கெர்னலில் ஸ்பின்லாக் என்பது பூட்டாகவே தொகுக்கப்படுவதில்லை. இன்டரப்ட் நிறுத்தும் வகை என்றால் அந்த நிறுத்தம் மட்டும் மிஞ்சும். பூட்டு எடுத்திருக்கிறது என்ற எண்ணிக்கை எங்கும் ஏறாது. அதனால், அடுத்து எது ஓடுவது என்று தீர்மானிக்கும் ஷெட்யூலர் பார்க்கும் சோதனையில் இது சிக்காது. தூங்கப்போனதும் ஷெட்யூலர் அடுத்த நிரலை இன்டரப்ட் திறந்த நிலையில் ஓட்டுகிறது. பூட்டு என்று நம்பிய பகுதிக்குள் யார் வேண்டுமானாலும் நுழையலாம்; சத்தமே இல்லை. டீபக் அட்டாமிக் ஸ்லீப் என்ற கெர்னல் தேர்வை இயக்கியிருந்தால் முதல் அளவீட்டிலேயே கத்தியிருக்கும். அந்தத் தேர்வு ப்ரீஎம்ப்ட் எண்ணிக்கையையும் சேர்த்தே இயக்கும்.

உள்ளே நுழையக்கூடியவர் ஒருவர் இருந்தார். நொடிக்கு ஒருமுறை ஓடும் டைமர் ஒன்று, கடந்த நொடியில் அளவீடு வரவில்லையென்றால் ரீசெட் செயல்கூற்றை அழைக்கும். டைமர் அழைப்பு சாஃப்ட்-இன்டரப்டில் ஓடுவது. அங்கே தூங்கவே கூடாது. ரீசெட்டில் இப்போது எம்ஸ்லீப் இருக்கிறது. செல்லெல்லாம் நன்றாக இருக்கும்வரை இந்த வழி ஓடாது என்பதால் சோதனையில் தெரியவில்லை. ரிவ்யூ செய்தவர் மேஜைமேல் இருந்த போர்டில் செல்லின் கனெக்டரை உருவச் சொன்னார். அடுத்த நொடியில் "ஷெட்யூலிங் வைல் அட்டாமிக்" என்று கெர்னல் பதிவு நிறைந்தது. சாஃப்ட்-இன்டரப்டின் எண்ணிக்கை எந்த அமைப்பிலும் ஏறும்; அதனால் இது மட்டும் சத்தம் போட்டது.

இடையில் பேட்ச் எழுதியவரிடமிருந்து ஒரு கேள்வி வந்தது: "அண்ணே, எல்லா இடத்துலயும் எஃப்ஸ்லீப் போட்டுட்டா அதுவே பாத்துக்காதா?" நேரத்தைப் பொறுத்துத் தானே யூடிலே, யூஸ்லீப் ரேஞ்ச், எம்ஸ்லீப் மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்வது எஃப்ஸ்லீப்பின் வேலை. 6.1இல் 10 மைக்ரோநொடிவரை யூடிலே, 20 மில்லிநொடிவரை யூஸ்லீப் ரேஞ்ச், அதற்கு மேல் எம்ஸ்லீப். கடிகாரக் கம்பியில் அதைப் போட்டாலும் தற்செயலாகச் சரியாகவே ஓடும். ஆனால் இங்கே தூங்கக் கூடாது என்ற செய்தி அந்த வரியில் எழுதப்படாமல் போகும். நாளை யாராவது எண்ணை மாற்றினால் நடத்தையும் மாறும். எந்தச் சூழலில் இருக்கிறோம் என்று பார்த்துத் தூங்காமல் இருக்கும் புத்தி எஃப்ஸ்லீப்புக்குக் கிடையாது. கீழ் வரம்பு மட்டும் உள்ள, தூங்கலாம் என்று உறுதியான இடத்துக்கு அது பொருத்தம்.

எடுத்த முடிவுகள்

பேட்சை நான்காகப் பிரிக்கச் சொன்னார். ஒன்று கெட்டால் அதை மட்டும் திருப்ப முடிய வேண்டும் என்பது காரணம். பூட்டு மாற்றமும் தாமத மாற்றமும் ஒரே பேட்சில் கிடந்தால் எது எடையைக் கெடுத்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது.

முதலாவது, தாமதம் எதையும் தொடாமல் பூட்டை மட்டும் மாற்றுவது. ஸ்பின்லாக் போய், உள்ளே தூங்க இடம் தரும் பூட்டான மியூடெக்ஸ். மியூடெக்ஸை டைமர் அழைப்பில் எடுக்க முடியாது என்பதால் நொடி டைமர் டிலேய்டு வொர்க் ஆகிறது. அது கெர்னல் த்ரெட்டில் ஓடும், தூங்கலாம். இன்டரப்ட் நிறுத்தம் ஒரு துடிப்பு உயர்ந்திருக்கும் நேரத்துக்கு மட்டும் சுருங்குகிறது: நிறுத்து, உயர்த்து, 1 மைக்ரோநொடி யூடிலே, தாழ்த்து, திற. கம்பி தாழ்ந்திருக்கும் நேரத்துக்கு 60 மைக்ரோநொடி போன்ற கெடு இல்லை என்பதால், இரண்டு துடிப்புக்கு நடுவில் இன்டரப்ட் வந்தால் கெடுதல் ஏதுமில்லை. 12 மில்லிநொடி அடைப்பு சில மைக்ரோநொடியாகிறது.

இரண்டாவது, காத்திருக்கும் சுற்றை எடுத்துவிட்டு, கெர்னலில் ஏற்கெனவே உள்ள ரீட் போல் டைம்அவுட் மேக்ரோவைப் போடுவது. தூக்கம் 2,000 மைக்ரோநொடி, கெடு 100 மில்லிநொடி. அந்த மேக்ரோ கொடுத்த எண்ணின் கால்பங்கு கூட்டல் ஒன்றிலிருந்து முழு எண்வரை தூங்கும். இங்கே 501 முதல் 2,000. கெடு நேரத்தில் கணக்கிடப்படும், சுற்றில் அல்ல. கையால் எழுதுபவர்கள் விடும் ஒரு நுணுக்கமும் அதில் உண்டு: கெடு கடந்த பின் கடைசியாக ஒருமுறை மதிப்பைப் படித்துவிட்டே தோல்வி என்று சொல்லும். தூங்கி எழ நேரமாகிவிட்டது என்பதற்காக நல்ல சிப்பைக் கெட்டதாகச் சொல்லாது.

ஏன் 2,000? மெல்லிய ஓட்டத்தில் 2 மில்லிநொடிக்கு 0.04 கிராம் விழும், 12.5 மில்லிநொடி இடைவெளிக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. எம்ஸ்லீப் 1 என்று போடலாமா என்ற யோசனையும் வந்தது. டிக் 100 உள்ள கெர்னலில் அது 20 மில்லிநொடிவரை இழுக்கும். ஓர் அளவீட்டையே தவறவிடும். இந்த நேர அளவுகளுக்கு, டிக்கைச் சாராத துல்லிய டைமரான ஹெச்ஆர்டைமரில் ஓடும் யூஸ்லீப் ரேஞ்ச் வகையே ஏற்றது.

மூன்றாவது, ரீசெட்: 100 மைக்ரோநொடிக்கு எஃப்ஸ்லீப், 50 மில்லிநொடிக்கு எம்ஸ்லீப். இரண்டுக்கும் கீழ் வரம்பு மட்டுமே. எம்ஸ்லீப் 50 என்பது 60, 70 ஆனாலும் கேடில்லை. நொடி டைமர் வொர்க்காக மாறிய பிறகே இதைச் சேர்க்கலாம் என்பதால் வரிசை முக்கியம். ஒவ்வொரு பேட்சுக்குப் பிறகும் டிரைவர் தனித்து ஓட வேண்டும்.

நான்காவதில் நிரல் மாற்றமே கிடையாது. கடிகாரக் கம்பி யூடிலேக்கு மேல் ஒரு குறிப்புரை: இங்கே தூங்கக் கூடாது, உயர்ந்திருக்கும் நேரம் 50 மைக்ரோநொடியைத் தாண்டக் கூடாது, தாண்டினால் மீதி பிட் 1 ஆகும். கூடவே, டிரைவர் ஏறும்போது அந்தக் கம்பி மாட்டிய ஜிபிஐஓ கால் தூங்கும் வகையா என்று பார்த்து, ஆமென்றால் ஏற மறுக்கும் ஒரு சோதனை. யாராவது கம்பியை ஐ-ஸ்கொயர்-சி எக்ஸ்பாண்டரில் (பஸ் வழியாகக் கூடுதல் கால்கள் தரும் சிப்) மாட்டினால் ஒவ்வொரு உயர்த்தலும் ஒரு பஸ் பரிமாற்றம் ஆகிவிடும். 60 மைக்ரோநொடிக்குள் முடியும் என்று நம்ப முடியாது.

இரண்டாம் சுற்று

திருத்தி வந்த பேட்சுகளைச் சோதனைக் கெர்னலில் ஓட்டினார்கள். டீபக் அட்டாமிக் ஸ்லீப், பூட்டு வரிசையைச் சோதிக்கும் லாக்டெப் இரண்டும் இயங்கிய கெர்னல். டிரைவரை ஏற்றி, இறக்கி, செல்லைக் கழற்றி, மாட்டி ஒரு சுற்று வந்ததில் லாக்டெப் ஒன்றைப் பிடித்தது. டிரைவரை இறக்கும் செயல்கூற்றில் மியூடெக்ஸை எடுத்துக்கொண்டு, அதே பூட்டுக்குள் டிலேய்டு வொர்க்கை நிறுத்தி முடிவதற்குக் காத்திருந்தார் பொறியாளர். அந்த வொர்க்கும் அதே மியூடெக்ஸைக் கேட்கும். வொர்க் ஓடிக்கொண்டிருக்கும் கணத்தில் டிரைவரை இறக்கினால் ஒன்றுக்காக ஒன்று நின்றுவிடும். நிறுத்தும் வரியைப் பூட்டுக்கு வெளியே முதலில் வைத்ததும் தீர்ந்தது. ஸ்பின்லாக்கும் டைமருமாக இருந்தபோதும் பல கோர் உள்ள போர்டில் இதே வகைச் சிக்கல் வரக்கூடியதே. ஸ்பின்லாக்கை மியூடெக்ஸாகவும் டைமரை வொர்க்காகவும் மாற்றும் பேட்ச் எதிலும் இறக்கும் வழியைத் தனியாகப் படிப்பது நல்லது.

சோதனைக் கெர்னலில் நேரம் அளக்கக் கூடாது. சோதனைகளே வேகத்தைக் குறைக்கும். சரி, தவறு பார்க்க ஒரு கெர்னல்; துடிப்பின் அகலமும் இன்டரப்ட் அடைபட்ட நேரமும் அளக்க இயந்திரத்தில் போகும் கெர்னல். பின்னதில் லாஜிக் அனலைசர் காட்டிய துடிப்பு, திரை மாறினாலும் சீரியல் ஓடினாலும் 2 மைக்ரோநொடிக்குள் நின்றது.

தொழிற்கூடத்தில் ஏற்றிய பின்

சிபியு சுமை முதல் பேட்சில் குறைந்ததைவிட இன்னும் இறங்கியது. சீரியல் ஓவர்ரன் நின்றது. வால் முழுக்க 1 என்ற எண்கள் மறைந்தன. பெட்டியில் கை வைக்க முடிந்தது.

ஆனால் சீடையில் சரியாக வந்த எடை, மனகோலத்தில் சில நேரம் அரை கிராம், முக்கால் கிராம் கூடியது. வெல்லப்பாகு போட்ட சரக்கு தட்டில் ஒட்டிக்கொண்டு கட்டியாக விழும் என்பதால் முதலில் சரக்கின்மேலேயே பழி போட்டார்கள். அளவீட்டு நேரமுத்திரைகளை எடுத்துப் பார்த்தால் வேறு விஷயம் தெரிந்தது: 12.5 மில்லிநொடிக்கு ஒன்று வர வேண்டியது, இடையிடையே 25, 37 என்று தாவியிருந்தது. தாவல்கள் திரையில் படம் மாறும் நேரத்தோடு ஒத்துப்போயின. மனகோலம் ஓடும்போது கட்டி எச்சரிக்கைப் படம் அடிக்கடி வந்து போகும். அதனால்தான் அதில் மட்டும்.

பழைய டிரைவரில் எடை நிரலுக்கு முன்னுரிமை என்று யாரும் எதையும் அமைத்திருக்கவில்லை. சிபியுவை விடாமல் பிடித்துக்கொண்டு சுற்றியதாலேயே அது எப்போதும் முதலில் நின்றது. தூங்கக் கற்றுக்கொடுத்த பிறகு அது மற்ற நிரல்களோடு வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. திரை வரையும் நிரல் நடுவில் இருந்தால் அது முடிக்கும்வரை காத்திருந்தது. இது பேட்சின் குறையன்று. பிஸி-வெயிட் செய்துவந்த இன்னொரு வேலை கணக்கில் வராமல் போனது.

திருத்தம் டிரைவருக்கு வெளியே. எடை நிரலை ஷெட்-ஃபிஃபோ வகையில் (சாதாரண நிரல்களுக்கு எப்போதும் முந்தும் வகை) 50 முன்னுரிமையில் ஓட்டும்படி அதன் சர்வீஸ் கோப்பில் ஒரு சிறு மாற்றம். இதை இப்போது செய்யலாம். பிஸி-வெயிட் இருந்த காலத்தில் செய்திருந்தால் இயந்திரமே ஏறக்குறைய உறைந்திருக்கும். இடைவெளித் தாவல்கள் நின்றன. ப்ரீஎம்ப்ஷன் உள்ள கெர்னலுக்கு மாறுவதையும் யோசித்தார்கள். கல்யாண மாதத்தின் நடுவில் கெர்னல் அமைப்பை மாற்ற ஆச்சி சம்மதிக்கவில்லை. அவர் சொன்னது நியாயம்தான்.

மாற்றிய நடைமுறை

டிரைவர் வேலைக்கு மேஜையில் வைத்திருக்கும் போர்டுகள் இனி எப்போதும் டீபக் அட்டாமிக் ஸ்லீப், லாக்டெப் இயங்கிய கெர்னலில்தான் ஓடும். ஒற்றைக் கோர், ப்ரீஎம்ப்ஷன் இல்லாத அமைப்பில் எச்சரிக்கை வரவில்லை என்பது எதையும் நிரூபிப்பதில்லை. அதே டிரைவரை நாளை இரட்டைக் கோர் போர்டில் ஏற்றினால் அமைதியாகத் தப்பியது அங்கே தொங்கிப் போகும். சோதனைப் பட்டியலில் செல் கழற்றுவது, பாதி அளவீட்டில் டிரைவரை இறக்குவது இரண்டும் சேர்ந்தன.

தாமதத்தைத் தொடும் பேட்ச் எதுவானாலும் அதன் விளக்கத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் கீழ் வரம்பு, மேல் வரம்பு, அழைக்கும் சூழல் மூன்றும் எழுதப்பட வேண்டும்; டேட்டாஷீட்டில் உள்ள எண்ணோடு. ரிவ்யூ முடியாத பேட்ச் தொழிற்கூடத்து இயந்திரத்தில் ஏறாது. ஏறிய பேட்சுக்கு முன்னும் பின்னும் அளவீட்டு இடைவெளியின் பதிவு எடுக்கப்படும். சிபியு சுமை இறங்கியது என்பது மட்டும் போதாது.

டேட்டா கம்பி தாழ்வதை இன்டரப்டாகவே வாங்கி, போல் செய்வதை, அதாவது எழுந்து எழுந்து பார்ப்பதை, முற்றாக விடலாம் என்ற யோசனை தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. பிட் படிக்கும்போது அதே கம்பி ஏறி இறங்கும் என்பதால் படிக்கும் நேரத்தில் அந்த இன்டரப்டை முடக்க வேண்டும். முடக்கியிருந்தபோது வந்த விளிம்பு நினைவில் தங்கி, திறந்ததும் பொய்யாக ஒருமுறை அடிக்கும். அதனால் இன்டரப்ட் வந்தாலும் கம்பி உண்மையில் தாழ்ந்திருக்கிறதா என்று பார்த்தே படிக்க வேண்டும். இரண்டு சிப் ஒரே கடிகாரத்தில் இருப்பதால் முதலில் தயாராகும் சிப்புக்காக எழுந்து இரண்டாவதற்குக் காத்திருக்கும் சுற்று அப்போதும் மிஞ்சும். பேட்ச் எழுதிய அதே பொறியாளர் தை முடிந்த பிறகு அதை எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.